ஒன்பதாவது கயிறு

பட்டறைக்குப் புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது. டார்ச் லைட் அளவுதான் இருக்கும். முனையில் இரண்டு ஊசி. மரத்தில் குத்தினால் ஈரம் எவ்வளவு என்று நம்பர் காட்டுகிறது. போன மாதம் நான் சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். மிஷின் ஓட்டுகிற தேன்மொழி அதை என் கன்னத்துக்கு நேராக நீட்டி, "பெரியப்பா, ஒங்க ஈரம் எவ்ளோன்னு பாத்துருவமா?" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு நானும் சிரித்துவிட்டேன். முப்பத்தெட்டு வருஷம் நான் ஈரம் பார்த்ததே அந்தக் கன்னத்தை வைத்துத்தான். மரத்தை எடுத்துக் கன்னத்தில் ஒட்டி வைத்தால் போதும், ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. காய்ந்த மரம் ஜில்லென்று இருக்காது. இதற்கு பேட்டரி வேண்டாம்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவள் அடுத்த கேள்வியையும் கேட்டாள். "அப்ப வாசல்ல மாட்டியிருக்கே மூஞ்சி பொளந்த சம்மனசு, அதையும் கன்னத்துல வச்சுப் பாத்துத்தான் செஞ்சீங்களா?"

தேவதூதனை நம் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் சம்மனசு என்பார்கள். எங்கள் பட்டறை வாசலில் மூன்றடி உயரச் சம்மனசு ஒன்று மாட்டியிருக்கிறது. நெற்றியிலிருந்து மோவாய் வரை ஒரே வெடிப்பு. அதைச் செய்தவன் நான். தேன்மொழி கேட்டதும் பழைய ஆட்கள் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு இழைப்புளியைத் தள்ள ஆரம்பித்தார்கள். "இன்னொரு நாள் சொல்றேன்டி" என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். வாயால் சொன்னால் பாதியில் எனக்குச் சாதகமாகத் திருப்பிவிடுவேன் என்று என்மேலேயே சந்தேகம். அதனால் எழுதுகிறேன்.

அரும்பாவூரில் மரச்சிற்ப வேலைக்கு நான் வந்தது பதினெட்டு வயதில். இரண்டு வருஷம் உளி தீட்டினேன். மூன்று வருஷம் யானைக் கால், குதிரைக் கால், பீடத்துத் தாமரை. அதற்குப் பிறகு ஒரு நாள் முகம் வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன், வந்தது. கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான். முகம் எல்லோருக்கும் வராது. எனக்கு வந்தது, அந்தத் திமிரும் கூடவே வந்தது.

கலியமூர்த்தி என் கூட்டாளி. சொந்தமாகப் பட்டறை போட்டு எங்களில் எட்டுப் பேரைக் கூட வைத்துக்கொண்டான். நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டான். பட்டறை கலைந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். காரியம் முடிந்த மறுநாள் அவன் மனைவி மலர்க்கொடி பட்டறைக் கதவைத் திறந்து பெருக்கிவிட்டு, "வேலைக்கு வாங்கண்ணே" என்று எனக்கு ஆள் அனுப்பினார். என்னைவிடப் பத்து வயது இளையவர். அதுவரை உளி பிடித்தவரில்லை, அதற்குப் பிறகும் பிடித்ததில்லை.

அவர் பட்டறை நடத்திய விதத்தைச் சொல்ல வேண்டும். சத்தம் போட மாட்டார். காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று வருவார். இடுப்புச் சுருக்குப்பையில் ஒரு சாக்பீஸ் இருக்கும். வேலையில் எங்காவது பிசகு தெரிந்தால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஒரு வார்த்தை இருக்காது. நாம் குந்தியபடியே அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். முதலில் எரிச்சலாக வரும். பத்து நிமிஷம் கழித்துத் தவறு கண்ணில் படும். என் வேலையில் அவர் போட்ட வட்டங்கள் மொத்தம் ஐந்தோ ஆறோ. அதிலும் முகத்தில் போட்டதே இல்லை. இதை நான் டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

ஏலாக்குறிச்சிப் பக்கம், கொள்ளிடக் கரையோரத்து ஊர் ஒன்றிலிருந்து தேர் வேலை வந்தது. மாதா கோயில் கமிட்டியில் பெரியவர் சூசை வாத்தியார், ரிடையரான கணக்கு வாத்தியார். புதுத் தேரைச் சுற்றி எட்டுச் சம்மனசு வேண்டும், எட்டும் வாகை மரத்தில், ஒவ்வொன்றும் மூன்றடி. எட்டுப் பேர் இருந்தோம், ஆளுக்கு ஒன்று. வைகாசியில் திருநாள். நாங்கள் ஐப்பசியில் ஆரம்பித்தோம்.

உடம்பை முதலில் வெட்டி, முதுகுப் பக்கம் குடைந்து நடுமரத்தை எடுத்துவிட்டு, முகத்தைக் கடைசியில் வெட்டுவதுதான் எங்கள் வழக்கம். நடுமரம் உள்ளேயே இருந்தால் காயும்போது இழுத்து வெடிக்கும். நான் முகத்தை முதலில் வெட்டினேன். மற்ற ஏழு பேரும் எட்டிப் பார்க்கட்டும் என்று வெட்டினேன். வேறு காரணம் எதுவும் கிடையாது. அந்த முகம் அப்படி வந்தது. இப்போதுதான் கண் விழித்து, யாரோ கூப்பிட்டதைக் கேட்கிற மாதிரி ஒரு முகம். தங்கராசு என் பக்கத்து இடத்துக்காரன், லேசில் யாரையும் பாராட்ட மாட்டான். அவனே வந்து பார்த்துவிட்டு, "போய்யா, இதுக்கு மேல நான் எதுக்கு வெட்டணும்?" என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

கார்த்திகையில் நாலு நாள் விடாமல் மழை. பச்சைமலையில் பெய்ததெல்லாம் ஏரிக்கு வந்து, ஏரி வழிந்து எங்கள் தெருவுக்கு வந்தது. காலை பத்து மணிக்குப் பட்டறை வாசற்படி ஏறியது. பதினொன்றுக்கு முழங்கால். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு இடுப்பு. உளிப்பெட்டிகளையும், ஒரு கோயிலுக்கு முடித்து வைத்திருந்த மயில் வாகனத்தையும் பரணில் ஏற்றினோம். சம்மனசுகளை ஏற்றப் பரணில் இடமில்லை. எட்டும் பட்டறைக்குள் மிதந்தன. "றெக்கை இருந்தும் நீச்சல் அடிக்குதுங்க பாரு" என்றான் தங்கராசு. அவன் வீட்டுச் சுவர் ஒன்று அன்று காலையில்தான் விழுந்திருந்தது. அப்படியும் அவனால் கிண்டல் பண்ண முடிந்தது.

தண்ணீர் ஏறிய மூன்றாம் நாள் வெயில் வந்தது. அன்றைக்கு எங்கள் தெருவைப் பார்த்திருக்க வேண்டும். நெல், மெத்தை, தலையணை, பிள்ளைகளின் புத்தகம், பட்டா, ரேஷன் கார்டு, கல்யாண ஆல்பம், எல்லாம் ரோட்டில் காய்ந்தது. நாங்களும் எட்டுச் சம்மனசையும் தூக்கி வந்து வெயிலில் வரிசையாகப் படுக்க வைத்தோம். சேறு பிடித்த புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு மலர்க்கொடி வந்தார்.

"யாருண்ணே இத வெளிய எடுக்கச் சொன்னது? தூக்கித் தண்ணிக்குள்ள போடுங்க" என்றார்.

எங்களுக்குக் காது சரியாக வேலை செய்கிறதா என்று சந்தேகம்.

"ரெண்டு நாளா ஊறியிருக்கு தாயி. காய வேணாமா?" என்றேன்.

"காயணும். இப்படிக் காயக்கூடாது. மேல ஒரு அங்குலம் காஞ்சு சுருங்கும், உள்ள ஈரம் விடாது, படார்னு வெடிச்சிரும். எங்கப்பா மரக்கடையில தடியெல்லாம் குளத்துலதான் கெடக்கும், வருசக்கணக்கா. தண்ணிக்குள்ள இருக்கற வரைக்கும் மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. ஈர சாக்குல சுத்தி, கதவடைச்ச ரூம்புல வச்சு, நெதானமா காய வைக்கணும். நம்ம ரூம்பு செவரே ஊறி நிக்குது. செவரு காயற வரைக்கும் கெணத்துல கெடக்கட்டும்."

"தடி வேற தாயி, செல வேற. நீ உளி புடிச்சிருக்கியா?"

இதைச் சொன்னது நான்தான். ஏழு பேர் முன்னால், கணவனைப் பறிகொடுத்து இரண்டு வருஷம் கூட ஆகாத ஒரு பெண்ணிடம். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவர் கோபப்படவில்லை. "புடிக்கலண்ணே. நீங்க தடி புடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். நாங்கள் கையில் எடுத்ததெல்லாம் காய்ந்த மரம்தான். மரத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள சங்கதி எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாது என்பதும் அதுவரை தெரியாது.

பட்டறைக்குப் பின்னால் பெரியசாமி வயலில் பாசனக் கிணறு. மழையில் வாய் வரை நிரம்பிக் கிடந்தது. பெரியசாமி ஒத்துக்கொண்டான், ஆனால் பயந்துகொண்டே. "மாதா கோயிலு சாமிய எங் கெணத்துல முக்குறீங்க. நாளப்பின்ன எனக்கு ஏதாச்சும் ஆயிடாதே?" என்றான். "சாமி இல்லண்ணே, சம்மனசு. தண்ணி கெடாம பாத்துக்கும்" என்றார் மலர்க்கொடி. கிணற்றைச் சுற்றி முளை அடிக்கச் சொன்னார். ஒவ்வொரு சம்மனசையும் சாக்கில் சுற்றி, மிதக்காமல் இருக்கக் கல்லைச் சேர்த்துக் கட்டி, கயிற்றில் இறக்கி, கயிற்றை முளையில் கட்ட வேண்டும். அவரவர் முளையில் அவரவர் குறியை உளியால் வெட்ட வேண்டும். எங்களில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு குறி உண்டு, சிலையின் அடியில் போடுவது. என் குறி மூன்று கோடு. எட்டு முளை அடித்த பிறகு அவரே ஒன்பதாவது முளை ஒன்றை அடித்தார். "அது எதுக்கும்மா?" என்றான் தங்கராசு. "இருக்கட்டும்" என்றார். நாங்களும் விட்டுவிட்டோம்.

மற்றவர்கள் ஏழு பேரும் முணுமுணுத்துக்கொண்டே இறக்கினார்கள். என்னால் முடியவில்லை. சாக்கைச் சுற்றும்போது அந்த முகம் என்னைப் பார்த்தது. வீட்டில் போய் நல்ல சாக்கு எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு, போர்வையில் சுற்றி டிவிஎஸ் ஃபிப்டியில் முன்னால் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் வீடு மேட்டில் இருக்கிறது, தண்ணீர் வரவில்லை. வாசலில் நின்ற என் மனைவி சரசு, "என்னங்க, பொறந்த புள்ளையத் தூக்கியாறாப்ல வர்றீங்க?" என்றாள். "வாய மூடிக்கிட்டுக் கதவத் தொற" என்றேன். கொல்லையில் கிடந்த வேப்பங்கட்டை ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போய், மூன்று கோடு போட்ட முளையிலிருந்து நானே கிணற்றில் இறக்கினேன். முதலாளியை ஏமாற்றினேன். சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன்.

இரண்டு நாள் கழித்துச் சேதம் கணக்கெடுக்கத் தாலுகா ஆபீசிலிருந்து ஒரு அம்மா வந்தார். பாவம், முழங்கால் வரை சேறு. சுவர், மோட்டார், கூரை எல்லாம் எழுதிக்கொண்டு, "செஞ்சு வச்ச சாமானு சேதம் என்ன? காட்டுங்க, போட்டோ எடுக்கணும்" என்றார்.

"அது சேதமாகல மேடம்" என்றார் மலர்க்கொடி.

"எங்க இருக்கு?"

"கெணத்துல."

அந்த அம்மா எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் முன்னால் வந்து, "ஒண்ணே ஒண்ண மேல இழுத்துக் காட்டிருவோம் தாயி. கெடைக்கிற ஒதவி கெடைக்கட்டும்" என்றேன். என் கயிற்றை மட்டும் இழுக்கச் சொல்லிவிடக்கூடாதே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டது வேறு விஷயம்.

"ஒரு தடவ மேல வந்து காத்து பட்டாலும் பட்டதுதாண்ணே. கெட்டுப் போச்சுன்னு எழுதி வாங்கறதுக்கு நான் இத முக்கல. கெடக்கூடாதுன்னு முக்கியிருக்கேன்."

கிணற்றில் இருக்கிறது என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. அந்த அம்மா பேனாவை மூடிவிட்டு, "நல்லபடியா மேல வரட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் டீக்கடையில் எட்டுப் பேரும் மலர்க்கொடியைத் திட்டினோம். அதிகமாகத் திட்டியவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் சம்மனசைப் பரணில் வைத்திருந்தேன். நேர் வெயில் படவில்லை, நான் அவ்வளவு முட்டாள் இல்லை. ஆனால் கீழே அடுப்பு எரிந்தது. ஐந்தாம் நாள் மதியம், ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மேலே டப்பென்று ஒரு சத்தம். சரசு கரண்டியோடு அப்படியே நின்றாள். எனக்குத் தெரிந்துவிட்டது. அவள்தான் ஸ்டூல் போட்டு ஏறி எட்டிப் பார்த்தாள். இறங்கி வந்து, "கைய கழுவிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

நெற்றி நடுவில் ஆரம்பித்து, மூக்கை இரண்டாகப் பிளந்து, மோவாய் வரை. விரல் நுழையும். நான் அதைக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். ஐம்பதைத் தொட்ட ஆள், வாய்விட்டு அழுதேன். நடுமரத்தை எடுத்திருந்தால் தப்பித்திருக்கலாம். கிணற்றில் போட்டிருந்தால் நிச்சயம் தப்பித்திருக்கும். இரண்டு புத்தியும் சேர்ந்து அப்போதுதான் வந்தது.

போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தினமும் பட்டறைக்குப் போய்ச் சேறு அள்ளினேன், சுவர் சுரண்டினேன், கிணற்றுப் பக்கம் மட்டும் போகாமல் இருந்தேன். அப்போதுதான் சூசை வாத்தியார் வந்தார். பஸ் மாறி மாறி, பெரம்பலூர் வழியாக வந்திருந்தார். வெள்ளை வேட்டியில் இன்னும் செம்மண் கறை.

"எங்க ஊருக்குள்ள கொள்ளிடத்துத் தண்ணி நாலு நாளு நின்னுச்சும்மா. பழைய தேரு கொட்டாயோட போயிருச்சு. வாழை போச்சு, மாடு போச்சு. சனங்க ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கவே மாட்டேங்குது" என்றார். மலர்க்கொடி தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். அவர் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார். "கமிட்டியில ரெண்டு பேரு, இந்த வருசம் திருநாள தள்ளி வச்சுருவோம்னாங்க. நான் முடியாதுன்னுட்டேன். இந்த வருசந்தான் தேரு ஓடணும். ஓடலன்னா எங்க சனம் மனசு விட்டுப்போயிரும். எட்டும் இருக்குல்ல? அத மட்டும் சொல்லுங்க, நான் போயி அவங்ககிட்டச் சொல்லணும்."

"எட்டும் இருக்கு வாத்தியாரே. வைகாசிக்கு வந்துரும்" என்றார் மலர்க்கொடி.

அவரைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். நாங்களும் போனோம். வாத்தியார் கயிறுகளை எண்ணினார். கணக்கு வாத்தியார் அல்லவா. "ஒம்பது இருக்கே?" என்றார். "ஒண்ணு கூடவே இருக்கட்டும்னுதான்" என்றார் மலர்க்கொடி. வாத்தியார் குனிந்து கைக்கு எட்டிய ஒரு கயிற்றைப் பிடித்து, கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டு, அதன்மேல் சிலுவை அடையாளம் போட்டார். அது மூன்று கோடு போட்ட முளையின் கயிறு. கீழே என் கொல்லை வேப்பங்கட்டை. அந்த இடத்திலேயே நான் கிணற்றில் குதித்திருக்கலாம் போல இருந்தது.

மார்கழி பாதியில் பட்டறை அறை காய்ந்தது. மேலே எடுக்கிற நாள் வந்தது. தங்கராசு முதலில் இழுத்தான். சாக்கைப் பிரித்தால், இறக்கியபோது இருந்த மாதிரியே, கொஞ்சம் கறுத்து, முழுசாக. ஒரு கீறல் கூட இல்லை. அவன் அதைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு மலர்க்கொடியைப் பார்த்துக் கும்பிட்டான், விளையாட்டுக்கு இல்லை. அடுத்தது, அடுத்தது. ஏழும் வந்துவிட்டன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் முளையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறந்து சொல்லிவிடத்தான் மூச்சை இழுத்தேன்.

"அண்ணே, அது கெடக்கட்டும்" என்றார் மலர்க்கொடி. "ஒம்பதாவத இழுங்க."

இழுத்தேன். கனமாக வந்தது. சாக்கைப் பிரித்தால் ஒரு வாகைக் கட்டை. மூன்றடி. சம்மனசுக்கு அறுத்த அதே தடியின் மிச்சம், அறுத்தபடியே, உளி படாமல். மலர்க்கொடி சாக்பீஸை எடுத்தார். ஈர மரத்தில் அது பிடிக்கவில்லை. பெரியசாமியிடம் ஓர் ஆணி வாங்கி, கட்டையின் தலையில் மூன்று கோடு கீறினார்.

"ஈரத்துல உளி நல்லா ஓடும். சீக்கிரம் வெட்டிருவீங்க. முதுகக் குடைஞ்சுட்டு மொகத்துக்குப் போங்க" என்றார். அவ்வளவுதான். என் சம்மனசு எங்கே, என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. மற்றவர்களும் கேட்கவில்லை. தங்கராசு கூடக் கிண்டல் பண்ணவில்லை, அதுதான் தாங்கவில்லை. "சரிங்க" என்றேன். அன்றிலிருந்து அவரை நான் நீ என்று சொன்னதில்லை.

வீட்டுக்குப் போய்ச் சரசுவிடம் குதித்தேன். "நீதான போய்ச் சொன்ன?" என்றேன். "நான் ஏன் சொல்றேன்? ஒங்க மூஞ்சியே ஊருக்கெல்லாம் சொல்லுதே" என்றாள். நான் நம்பவில்லை.

காய வைத்த முறையையும் எழுதிவிடுகிறேன், இப்போதிருக்கிறவர்களுக்கு உதவும். மேலே எடுத்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, தலைப்பக்கமும் அடிப்பக்கமும் சாணியும் செம்மண்ணும் குழைத்துக் கெட்டியாகப் பூச வேண்டும். மரம் அந்த இரண்டு முனை வழியாகத்தான் அவசரமாக மூச்சு விடும். பிறகு ஈரச் சாக்கு மூன்று சுற்று. தரையில் படாமல் ரீப்பர் கட்டை மேல் படுக்க வைத்து, கதவு ஜன்னல் அடைத்துவிட வேண்டும். பத்து நாளைக்கு ஒரு சுற்றுச் சாக்கைப் பிரிக்கலாம். தினமும் ஒரு முறை புரட்டிப் போட வேண்டும். வாரம் ஒரு முறை ஒவ்வொன்றையும் நெல் மண்டித் தராசில் தூக்கி வைத்து, எடையைச் சுவரில் சாக்பீஸால் எழுதுவோம். எடை குறைந்துகொண்டே வரும். மூன்று வாரம் ஒரே எடை நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போதும் நான் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்வேன்.

என் கட்டையை ஈரத்திலேயே வெட்டினேன். வாரத்தில் ஏழு நாளும். முதுகைக் குடைந்தேன், நடுமரத்தை எடுத்தேன், இறக்கை, கை, எக்காளம், பாதம் எல்லாம் முடித்து, சாக்கில் சுற்றிக் காய வைத்து, பங்குனிக் கடைசியில் முகத்துக்கு வந்தேன். பழைய முகம் திரும்பி வரவில்லை. வேறொரு முகம் வந்தது. நல்ல முகம்தான். ஆனால் அது இல்லை. முடித்த அன்று மலர்க்கொடி வந்து நின்றார். கையில் சாக்பீஸ். ரொம்ப நேரம் பார்த்தார். சாக்பீஸைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, "வண்டியில ஏத்திருங்க" என்றார்.

வைகாசியில் தேர் ஓடியது. நாங்கள் எட்டுப் பேரும், மலர்க்கொடியும், சரசுவும் போயிருந்தோம். தெருவில் வீட்டுச் சுவர்களில் எல்லாம் தண்ணீர் நின்ற கோடு இடுப்புயரத்துக்கு அப்படியே இருந்தது. அந்தக் கோட்டுக்கு மேலே எங்கள் சம்மனசுகள் எட்டும் வரிசையாகப் போயின. வாத்தியார் எண்ணிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவர் கண்ணைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், வேப்பங்கட்டை உட்பட. அவர், "அப்ப நான் சிலுவ போட்டது வேப்பங்கட்டைக்கா?" என்று கேட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் மலர்க்கொடி, "வெடிச்சத எடுத்துட்டு வாங்கண்ணே, வாசல்ல மாட்டுவோம்" என்றார். தண்டனை என்று எடுத்துக்கொண்டேன். மாட்டினேன். அதன் கீழேதான் இத்தனை வருஷமும் உள்ளே போனேன், வெளியே வந்தேன். நிமிர்ந்து பார்த்ததில்லை.

போன தை மாதம், கை நடுங்க ஆரம்பித்ததால் வேலையிலிருந்து நின்றேன். கடைசி நாள் உளிப்பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, அதுவரை கேட்காததைக் கேட்டேன்.

"ஏம்மா, சரசுதான ஒங்ககிட்டச் சொன்னா?"

"அக்கா ஒண்ணும் சொல்லல."

"அப்பறம் எப்படி? மொத நாளே ஒம்பதாவது முளை அடிச்சீங்களே, அப்ப நானே இன்னும் வீட்டுக்குப் போகலையே."

மலர்க்கொடி வாசல் பக்கம் பார்த்தார். "மத்த ஏழும் அன்னிக்கு வெறும் கட்டைதாண்ணே. ஒங்களதுலதான் மொகம் வந்திருந்துச்சு. மொகம் வந்தத யாருண்ணே கெணத்துல போடுவா? நானா இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்."

"அப்ப என்னைப் புடிச்சு நிறுத்தியிருக்கலாமே."

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

"கேட்டிருக்க மாட்டேன்."

"அதான் கட்டைய எறக்கி வச்சேன்."

உளிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பெட்டியைக் கீழே வைத்தேன். நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தேன். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆணியிலிருந்து கழற்றி, வெடிப்பு படாமல் பார்த்துக் கன்னத்தில் வைத்தேன். ஜில்லென்று இல்லை.